காத்திருப்பு ஹாலுக்கு 30 நாற்காலி வாங்குவதா, காத்திருப்பைக் குறைப்பதா? சேலம் ஆஸ்பத்திரியில் லீன் முறை பற்றி ஒரு விவாதம்

நாலுரோடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். சேலத்தில் 60 படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். 11 வருடம் லேபில் இருந்தேன், ஒன்றரை வருடமாகத் தரம் பார்க்கும் பொறுப்பு. காலை 7 மணிக்கே ஓ.பி. வராண்டா நிரம்பிவிடுகிறது, முக்கால்வாசி சர்க்கரை, பிரஷர்காரர்கள். உட்கார இடமில்லை என்று புகார் வந்ததால் நிர்வாகம் இன்னும் 30 நாற்காலி வாங்கவும், பக்கத்துச் சுவரை இடித்து ஹாலைப் பெரிதாக்கவும் கொட்டேஷன் கேட்டிருக்கிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை. இப்போது நின்றுகொண்டு காத்திருக்கிறார்கள், அப்புறம் உட்கார்ந்து காத்திருப்பார்கள், அவ்வளவுதானே?

டொயோட்டா கார் கம்பெனியில் பிறந்த, லீன் என்று சொல்லும் முறையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து காத்திருப்பைக் குறைத்த கதைகளைப் படித்தேன். அதில் முதல் வேலையாகச் சொல்வது, அறைக்குள் உட்கார்ந்து பேசாமல் வேலை நடக்கிற இடத்துக்குப் போய்ப் பார் என்பது. சரி என்று போன செவ்வாய்க்கிழமை ஒரு அம்மாவிடம் அனுமதி கேட்டு, அவர் உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகிறவரை கூடவே இருந்தேன்.

7.10க்கு வந்தார். சீட்டு கையில் கிடைத்தது 7.30. பில் கட்டியது 7.50. ரத்தம் எடுத்தது 8.05. டப்பாவில் வைத்த அவருடைய டியூப் 9 மணி வரை ரத்தம் எடுக்கும் அறையிலேயே இருந்தது, ஏனென்றால் வார்டு பையன் மணிக்கு ஒரு தடவைதான் வந்து எடுத்துப் போவான். அம்மா 8.30க்குச் சாப்பிட்டார், 10.30க்கு இரண்டாவது ரத்தம், அந்த டியூப் 11 மணி வரை டப்பாவில். இரண்டு ரிப்போர்ட்டும் பிரிண்ட் ஆனது 11.50. அது தட்டில் கிடந்து டாக்டர் அறைக்குப் போனது 12.25. டாக்டரைப் பார்த்தது 12.50, உள்ளே இருந்தது 7 நிமிடம். மாத்திரை வாங்கி வெளியே வந்தபோது 1.25. மொத்தம் ஆறேகால் மணி நேரம்.

சாப்பிட்ட பிறகு 2 மணி நேரம் என்பது உடம்புக் கணக்கு, அதைக் குறைக்க முடியாது. அதையும் சேர்த்து, ஒவ்வொரு வேலைக்கும் உண்மையில் ஆன நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். 3 மணி நேரம் போதும். மீதி மூன்றேகால் மணி நேரம் யாரும் அந்த அம்மாவுக்காக எதுவும் செய்யவில்லை. எங்களில் ஒருவர்கூட அன்று சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் ஓடிக்கொண்டேதான் இருந்தோம். எங்கிருந்து தொடங்குவது?

நாகலூர்_மலை

அக்கா, மலையிலிருந்து வருகிறவர்களுக்குக் கணக்கு 7.10க்குத் தொடங்குவதில்லை. எங்கம்மாவுக்குச் சர்க்கரை 9 வருடமாக இருக்கிறது. வெறும் வயிற்று டெஸ்ட் என்றால் இருட்டிலேயே எழுந்து, நாகலூரிலிருந்து ஏற்காடு வந்து, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, வயிறு காலி, பாதி வழியில் வாந்தி, கவர் எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவோம். இவ்வளவும் செய்து கீழே வந்தால், ரிப்போர்ட் வருவதற்குள் டாக்டர் கிளம்பிவிட்டார், நாளைக்கு வாங்க என்று ஒரு வார்த்தை. (நீங்கள் சொல்கிற ஆஸ்பத்திரியா என்று தெரியாது, நான் பெயர் சொல்லவில்லை.) எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடுக்கும் சீசனில் அது இரண்டு நாள் கூலி. மக்களைத் தேடி மருத்துவம் 2021ல் வந்தது, மாத்திரை வீடு தேடி வருவதெல்லாம் பெரிய உதவி, அதைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்), கொழுப்பு, கண், கால் எல்லாம் பார்க்கக் கீழே இறங்கித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

ஓசூர்_போய்_வந்தவன்

அக்கா, நான் ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் 14 வருடம் இருந்தேன், இந்த முறையிலேயே வளர்ந்தவன். நீங்கள் செய்ததுதான் சரியான ஆரம்பம். டொயோட்டாவில் இதை உருவாக்கிய தாய்ச்சி ஓனோ, தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, இதற்குள் நின்று பார் என்று இன்ஜினியர்களை மணிக்கணக்கில் நிறுத்துவாராம். லீன் என்ற பெயரெல்லாம் பிறகு 1988ல் ஜான் கிராஃப்சிக் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரையில் வைத்தது.

நாற்காலிக்கு ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், நிர்வாகத்திடம் காட்டுங்கள். 1961ல் ஜான் லிட்டில் நிரூபித்தது. ஹாலில் சராசரியாக இருக்கும் தலைகள் = ஒரு மணி நேரத்துக்கு வருகிறவர்கள் × ஒருவர் இருக்கும் நேரம். மணிக்கு 20 பேர் வந்து ஒவ்வொருவரும் 3 மணி நேரம் ஹாலில் இருந்தால் 60 பேர். அதையே ஒன்றரை மணி நேரமாக்கினால் 30 பேர். ஒரு ஆள்கூட குறைவாக வரவில்லை, பாதி ஹால் காலியாகிவிடும். சுவரை இடிக்கும் செலவில் பாதியைக்கூட இதற்குக் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் கதையில் எனக்கு முதலில் பட்டது அந்த டப்பா. மணிக்கு ஒரு தடவை எடுத்துப்போனால் முதலில் ரத்தம் கொடுத்தவர் கடைசி ஆளுக்காகக் காத்திருக்கிறார். மொத்தமாகச் சேர்த்து அனுப்புவது அனுப்புகிறவனுக்கு வசதி, டியூப்புக்குச் சொந்தக்காரருக்கு நஷ்டம்.

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை

இது எங்கள் கொலுசுத் தொழில் மாதிரியே இருக்கிறது. கம்பி இழுப்பது ஒரு வீடு, வளையம் செய்வது ஒரு வீடு, பற்றவைப்பது ஒரு வீடு, மெருகு இன்னொரு பட்டறை. ஒரு கிலோ சேர்ந்தால்தான் மெருகுக்கு அனுப்புவோம். ஒரு ஜோடிக்குக் கைவேலை கொஞ்ச நேரம்தான், ஆனால் கடைக்குப் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும், எல்லாம் மூட்டையில் கிடக்கிற நேரம். இதில் இன்னொரு கெட்டது உண்டு. பற்று சரியாகப் பிடிக்கவில்லை என்பது மெருகில்தான் தெரியும், அதற்குள் ஒரு கிலோவும் அதே தப்போடு வந்திருக்கும். உங்கள் லேபிலும் அப்படி உண்டா?

நாலுரோடு

உண்டு அண்ணா, நன்றாகக் கேட்டீர்கள். ரத்த மாதிரி உறைந்தோ சிதைந்தோ போயிருந்தால் லேபுக்கு வந்த பிறகுதான் தெரியும், அதற்குள் நோயாளி சாப்பிட்டிருப்பார். மறுபடி இன்னொரு நாள் வெறும் வயிற்றோடு வர வேண்டும்.

டாக்டர்_அம்மாபேட்டை

நான் பொது மருத்துவர். ஒரு எச்சரிக்கை. நோயாளி கார் பாகம் அல்ல. ஒருவருக்கு 3 நிமிடம் போதும், இன்னொருவர் கணவரை இழந்து ஒரு மாதம் ஆகியிருக்கும், சர்க்கரை ஏன் ஏறியது என்று புரிய 15 நிமிடம் வேண்டும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு என் 7 நிமிடத்தை 5 ஆக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். பல இடங்களில் இந்த முறை அங்கேதான் போய் நிற்கிறது. அப்புறம், அவசரப்பட்டு மாதிரியைக் கையாண்டு ரிசல்ட் தப்பாக வந்தால் அதற்கு யார் பொறுப்பு?

நாலுரோடு

டாக்டர், அந்த 7 நிமிடத்தில் கை வைக்கவே மாட்டேன். அந்த அம்மா ஆறேகால் மணி நேரம் இருந்தது அந்த 7 நிமிடத்துக்காகத்தான். அது 10 ஆனால் எனக்குச் சந்தோஷம்.

மாதிரி விஷயத்தில் நிலைமை நேர் எதிர். உடனே பிரிக்காத ரத்தத்தில் செல்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். அதற்காகத்தான் சாம்பல் மூடி டியூப்பில் ஃபுளோரைடு போட்டிருக்கிறார்கள், ஆனால் அது முழுதாக வேலை செய்யத் தொடங்கவே 1 மணி, 2 மணி நேரம் ஆகும். டப்பாவில் கிடக்கும் முதல் ஒரு மணி நேரம்தான் மோசம். டியூப்பை சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றி ரத்தத்தைப் பிரிக்கும் மெஷின்) சீக்கிரம் சுற்றினால் ரிசல்ட் சரியாக வரும், தாமதித்தால்தான் கெடும்.

நேற்று லேபில் ஓசூர்த் தம்பி சொன்ன மாதிரி ஒன்றரை மணி நேரம் ஒரே இடத்தில் நின்றேன். 11 வருடம் வேலை செய்த அதே அறை. சென்ட்ரிஃபியூஜில் 16 டியூப் வைக்கலாம். நிரம்பட்டும் என்று காத்திருக்கிறோம். அதைவிட, மற்ற டெஸ்ட்டுகளுக்கான சிவப்பு மூடி டியூப்பில் ரத்தம் உறைவதற்கு 30 நிமிடம் வேண்டும், சாம்பல் மூடிக்கு அது தேவையே இல்லை, வந்ததும் சுற்றலாம். ஆனால் இரண்டையும் ஒன்றாகச் சுற்றும் பழக்கத்தால் சாம்பல் மூடி சிவப்பு மூடிக்காக உட்கார்ந்திருக்கிறது. எதிரெதிரே எடை சமமாக இருந்தால் 2 டியூப் போட்டுக்கூடச் சுற்றலாம். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? நானே இத்தனை வருடம் அப்படித்தான் செய்தேன், ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த ராக்கைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, எத்தனை பேரை இப்படி உட்கார வைத்திருக்கிறேன் என்று நினைத்து வருத்தமாக இருந்தது.

வார்டு_சிஸ்டர்

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஸ்டாஃப் நர்ஸாக எனக்குப் பயமாகவும் இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இதே மாதிரி நேரம் குறித்தார்கள். நாங்களும் நம்பி, எங்கே நடை வீணாகிறது என்றெல்லாம் சொன்னோம். இரண்டு மாதம் கழித்து நைட் டியூட்டியில் மூன்று பேர் இருந்த இடத்தில் இரண்டு பேர். மிச்சமான நேரம் நோயாளிக்கு வரவில்லை, எங்கள் முதுகில் ஏறியது. அதற்குப் பிறகு அங்கே யாரும் வாயைத் திறக்கவில்லை.

நாலுரோடு அக்கா, தொடங்குவதற்கு முன்னால் உங்கள் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை வாங்குங்கள், இதனால் ஒருத்தர் வேலையும் போகாது என்று. எழுத்தில்.

அது கிடைத்தால் நானே உங்களுக்கு நூறு விஷயம் சொல்வேன். உதாரணத்துக்கு, கானுலா, மருந்து ஏற்ற நரம்பில் போடும் சின்னக் குழாய். குழந்தைகளுக்குப் போடும் மஞ்சள், 24 கேஜ், எப்போதும் ராத்திரியில்தான் தீரும். ஸ்டோர் சாவி இன்சார்ஜ் சிஸ்டரிடம், அவர் வீட்டில். காய்ச்சலோடு குழந்தை அழும், நான் அடுத்த வார்டுக்கு ஓடி ஒன்று கடன் கேட்பேன். அதனாலேயே எல்லா நர்ஸும் லாக்கரில் ஐந்தாறு ஒளித்து வைப்போம். ஸ்டோர் கணக்கில் நிறையச் செலவாகியிருக்கும், வேண்டிய நேரத்தில் இருக்காது.

ஆத்தூர்_டு_ரெஜைனா

சிஸ்டர் சொல்வதை முழுக்க வழிமொழிகிறேன். ஆத்தூர்க்காரி நான், கனடாவில் சஸ்காச்சுவன் மாகாணத்தில் நர்ஸ். இங்கே 2012ல் மாகாணம் முழுவதும் லீன் கொண்டுவர ஒரு அமெரிக்க ஆலோசனை நிறுவனத்தோடு ஏறக்குறைய 4 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். வகுப்பு வகுப்பாக நடத்தி ஜப்பானிய வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்ததை நர்ஸ்கள் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள், கடைசியில் ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே நிறுத்தினார்கள். கைசன் (தொடர்ந்து சின்னச் சின்னதாகச் சரிசெய்வது), கெம்பா (வேலை நடக்கிற இடம்) என்று சேலத்தில் யாரிடமும் சொல்லாதீர்கள் அக்கா. நீங்கள் அந்த அம்மாவோடு நடந்தீர்களே, அதற்கு ஒரு தமிழ்ப் பெயர் வையுங்கள், ஆயா வரைக்கும் புரியும்.

ஆனால் முறையே தப்பு என்று சொல்ல மாட்டேன். சியாட்டிலில் வர்ஜீனியா மேசன் ஆஸ்பத்திரித் தலைவர்கள் 2002ல் ஜப்பானுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து தொடங்கினார்கள். டொயோட்டா லைனில் தொழிலாளி கயிற்றை இழுத்து வேலையை நிறுத்துவது போல, ஆபத்து என்று பட்டால் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற விதி வைத்தார்கள். அப்படி இருந்தும் 2004ல் ஒரு பெண்மணி இறந்தார். ரத்தக்குழாயில் செலுத்த வேண்டிய சாயமும், தோலைச் சுத்தம் செய்யும் குளோர்ஹெக்சிடினும் லேபிள் இல்லாத கிண்ணங்களில் இருந்தன, இரண்டும் நிறமில்லாத திரவம். முன்பு பயன்படுத்திய பழுப்பு நிற அயோடின் மருந்தாக இருந்தால் பார்த்ததும் தெரிந்திருக்கும். அந்த ஆஸ்பத்திரி அதை மறைக்காமல் வெளியே சொன்னது, அதற்குப் பிறகு நோயாளி பாதுகாப்பையே முதல் குறிக்கோளாக வைத்தது. நேரத்தைக் குறைப்பதோடு இதையும் பாருங்கள், உங்கள் ரத்தம் எடுக்கும் அறையில் டியூப்பில் பெயர் எப்போது ஒட்டுகிறார்கள், எடுப்பதற்கு முன்பா பின்பா?

பார்மசி_ஓமலூர்

சிஸ்டரின் கானுலாவுக்கு வழி இருக்கிறது. இரண்டு டப்பா வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன் டப்பா காலியானதும் பின் டப்பாவை முன்னால் இழுத்துவிட்டு, காலி டப்பாவை ஸ்டோர் ஜன்னலில் வைத்துவிடுவது. காலி டப்பாதான் இண்டென்ட் (ஸ்டோரில் பொருள் கேட்கும் சீட்டு), தனியாக எழுத வேண்டியதில்லை. ஒரு டப்பாவில் எத்தனை என்பதை மட்டும் நிதானமாக முடிவு செய்யுங்கள், ஸ்டோர் நிரப்பித்தர ஆகும் நேரத்தில் அதிகபட்சம் செலவாகிறதை விடக் கொஞ்சம் கூடுதல். ஞாயிற்றுக்கிழமையையும் கணக்கில் சேருங்கள்.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994ல் வந்தது. மாவட்டக் கிடங்கில் மருந்து இருக்கும், ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக், அதில் இருக்கும் தொகைக்குத் தனக்குத் தேவையானதை அந்த ஆஸ்பத்திரியே கேட்டு எடுத்துக்கொள்ளும். மேலே இருந்து கொண்டுவந்து கொட்டுவதில்லை. நான் அரசு வேலையில் இருந்தபோது அந்த பாஸ்புக்கைக் கையில் வைத்து வேலை செய்தவன். காலாவதி முதலில் ஆகிறது முதலில் போக வேண்டும் என்ற பழக்கம் எனக்கு அங்கே வந்ததுதான்.

ஓசூர்_போய்_வந்தவன்

சிஸ்டரின் பயத்துக்கு என் பக்கத்திலிருந்தும் ஒரு கணக்கு. ஆளைக் குறைத்து எல்லாரையும் நூற்றுக்கு நூறு வேலையில் வைப்பதுதான் சிக்கனம் என்று மேலே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஒரே டாக்டர், ஆட்கள் முன்பின்னாக வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் வேறு என்று வையுங்கள். அவருடைய நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் வருகிறவர் சராசரியாக 4 பேருக்கு ஆகும் நேரம் காத்திருப்பார். 90 ஆனால் 9 பேர் நேரம். 95 ஆனால் 19. கொஞ்சம் ஓய்வு விட்டால்தான் வரிசை நகரும், அது வீண் செலவு கிடையாது. அவசரப் பிரிவு உள்ள இடத்தில் இது இன்னும் முக்கியம்.

அப்புறம், டாக்டர் சொன்னதற்கு மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைப் பாருங்கள், சேலத்திலும் அவர்கள் ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் வெங்கடசாமி 1976ல் 11 படுக்கையோடு தொடங்கியது. ஆபரேஷன் தியேட்டரில் இரண்டு மேஜை. ஒரு கண்ணை முடித்ததும் மைக்ராஸ்கோப்பைத் திருப்பினால் அடுத்தவர் தயாராகப் படுத்திருக்கிறார். கண்ணுக்குள் கை இருக்கும் நேரத்தைக் குறைக்கவில்லை, டாக்டர் சும்மா நிற்கும் நேரத்தை எடுத்துவிட்டார்கள்.

டாக்டர்_அம்மாபேட்டை

சரி, இது நியாயம். நாலுரோடு அம்மா, இன்னொன்றும் யோசியுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு வேண்டியதில்லை. யாருக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை ரத்தம் எடுக்க வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று உங்கள் டாக்டர் முன்கூட்டியே சீட்டில் எழுதிவிட்டால், சிலருக்கு அந்தக் காலை முழுவதும் மிச்சம். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், வரிசை நீளம் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

நாலுரோடு (மூன்று வாரம் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சிஸ்டர் கேட்ட வார்த்தை. நிர்வாகி எழுத்தில் தரத் தயங்கினார். லிட்டில் கணக்கைக் காட்டி, நாற்காலிக்கும் சுவருக்கும் ஆகும் தொகையைப் பக்கத்தில் எழுதி வைத்தேன். இரண்டு நாள் கழித்துச் சுற்றறிக்கை வந்தது, ஆள் குறைப்பு இல்லை என்று ஒரே வரி. அதை ஓய்வறையில் ஒட்டிய அன்றுதான் எங்கள் நர்ஸ்கள் பேச ஆரம்பித்தார்கள். ரெஜைனா அக்கா சொன்னபடி ஜப்பான் வார்த்தை எதுவும் இல்லை, நாங்கள் இதை நடைக்கணக்கு என்கிறோம்.

டியூப்பை 15 நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துப்போக ஆள் எங்கே என்று தலையை உடைத்துக்கொண்டிருந்தபோது வழி சொன்னது கூட்டிப் பெருக்கும் ஆயா. ரத்தம் எடுக்கும் அறைக்கும் லேபுக்கும் நடுவில் ஒரு ஜன்னல் இருக்கிறது, அதை ஒரு இரும்பு பீரோ மறைத்துக்கொண்டிருக்கிறது என்றார். எனக்கு அந்த ஜன்னல் இருப்பதே மறந்துவிட்டது. பீரோவைத் திறந்தால் பழைய ரிஜிஸ்டர்கள், 2009ஆம் வருடத்துக் கட்டுகூட இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் சேர்ந்து நகர்த்தினோம், துருப்பிடித்த கொக்கியைத் தேங்காய் எண்ணெய் விட்டுத் திறந்தோம். இப்போது ரத்தம் எடுத்ததும் டியூப் கையோடு ஜன்னல் வழியாகப் போகிறது. சாம்பல் மூடி தனியாக, வந்ததும் சுற்று. சிவப்பு மூடி அரை மணி கழித்து. பெயர் ஒட்டுவது இதுவரை எடுத்த பிறகு, டப்பாவில் வைக்கும்போதுதான் நடந்தது, சில நாள் இரண்டு மூன்று டியூப் சேர்ந்த பிறகு. நினைத்தாலே பயமாக இருக்கிறது. இப்போது நோயாளியிடம் பெயர் கேட்டு, அவர் முன்னாலேயே, எடுத்த கையோடு ஒட்டுகிறார்கள்.

வழக்கமாக வருகிறவர்களுக்கு அடுத்த முறைக்கான டெஸ்ட் சீட்டைப் போன முறையே டாக்டர் எழுதிக் கொடுத்துவிடுகிறார். வந்ததும் நேரே ரத்தம், சாப்பிட்டுவிட்டு பில். பணம் கட்டாமல் போய்விடுவார்கள் என்று கேஷியர் சண்டை போட்டார். மூன்று வாரத்தில் அப்படிப் போனது இரண்டு பேர், ஒருவர் வந்து கட்டிவிட்டார், இன்னொருவர் இன்னும் வரவில்லை.

20 பேரோடு நடந்து பார்த்தோம். நான் மட்டும் நடக்கவில்லை, ஒரு நாள் கேஷியரும் நடந்தார். சராசரி 3 மணி 50 நிமிடம்.

சரியாகாததும் இருக்கிறது. ரிப்போர்ட் 10 மணிக்குத் தயார், ஆனால் டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து வர 10.45 ஆகிறது, இப்போது அந்த வாசலில் கூட்டம். பார்மசியில் எல்லாரும் ஒன்றாகப் போய் நிற்கிறார்கள், 11 மணிக்கு அங்கே நெருக்கடி. டிஸ்சார்ஜ் பக்கம் தொடவே இல்லை, காப்பீட்டு அனுமதிக்காகச் சாயங்காலம் வரை பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நாற்காலிக் கொட்டேஷனை நிர்வாகி மேஜை ஓரத்தில் வைத்திருக்கிறார், கிழித்துப் போடவில்லை.

வார்டு_சிஸ்டர்

அந்தச் சுற்றறிக்கையை யாராவது கழற்றினால் உடனே இங்கே எழுதுங்கள் அக்கா. எங்கள் வார்டில் மஞ்சள் கானுலாவுக்கு இரண்டு டப்பா வைத்து 12 நாள் ஆகிறது. இன்னும் ஒரு ராத்திரிகூட அடுத்த வார்டுக்கு ஓடவில்லை. லாக்கரில் வைத்திருந்ததை நானே எடுத்து டப்பாவில் போட்டுவிட்டேன்.

நாகலூர்_மலை

படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். ஜன்னல் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்கிறார். வெளியூர்க்காரர்கள் வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா, சீட்டு முதல் தடவை அன்றைக்குத்தானே போட வேண்டும்?

நாலுரோடு

தாராளமாக வாருங்கள் தம்பி, தனிச்செய்தியில் விவரம் அனுப்புகிறேன். பழைய ரிப்போர்ட்டும் மருந்துச் சீட்டும் படம் எடுத்து முன்கூட்டியே அனுப்பினால், டாக்டரிடம் காட்டி டெஸ்ட் சீட்டை முதல் நாளே வாங்கி வைக்கப் பார்க்கிறேன். அம்மா காலையில் சர்க்கரை மாத்திரை போட வேண்டாமா என்பதையும் அவரிடமே கேட்டுச் சொல்கிறேன், வெறும் வயிற்றில் போட்டுவிட்டு வளைவில் மயக்கம் வந்தால் கஷ்டம். டிபனை டப்பாவில் கொண்டுவாருங்கள், கேன்டீன் 8 மணிக்குத்தான் இட்லி தருகிறது. ரத்தம் கொடுத்ததும் அங்கேயே சாப்பிடலாம், முதல் வாய் வைக்கும் நேரத்தைச் சீட்டில் எழுதிக்கொள்வோம், 2 மணி நேரம் அதிலிருந்துதான்.

ஒரு உதவி மட்டும். அன்று காலை வீட்டுக் கதவைப் பூட்டும்போது மணி பார்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து எடுத்து வாருங்கள். மலையிலிருந்து வருகிறவர்களுக்கு நடைக்கணக்கின் முதல் வரியை அந்த நேரத்திலிருந்தே எழுதலாம் என்று நினைக்கிறேன்.